யாரும் எங்கேயும் போறதில்லைங்க

எனக்கு வயது அறுபத்து நாலு. பெற்றது ஆறு, வளர்த்தது எட்டு — கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து. அந்த எட்டில் ஒன்றுகூட ‘எங்க அம்மா பொய் சொன்னாள்’ என்று சொல்ல நான் இடம் கொடுத்ததில்லை. இந்த வாரம் அந்தப் பெருமையைக் கொஞ்சம் கீழே இறக்கி வைக்கப் போகிறேன்.

போன புதன்கிழமை காலை, எங்கள் ஊர்க் கிளை ரோட்டு முனையில் பச்சை வண்டி வந்து நின்றது.

பஸ் நிற்பதெல்லாம் ஒரு சேதியா என்று கேட்பீர்கள். கேளுங்கள். வாசலிலேயே பஸ் நிற்கிற ஊர்க்காரர்கள் அப்படித்தான் கேட்பார்கள். நானோ... அது நின்றதைப் பார்த்ததும் மைல்கல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். அவசரப்படாதீர்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் பேத்தி தெரேசு என்பது இந்தப் பத்திரிகையை வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். நான் மூச்சு வாங்கினால் அவளும் பேனாவை வைத்துவிடுவாள்.

இந்தத் தெரேசு என் மூத்த மகன் அருளப்பன் பெண். புதுச்சேரியில் மடத்துக் கன்னிமார் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் எட்டாவது படிக்கிறாள். எங்கள் தெருவில் ஐந்தாவதைத் தாண்டிய பெண் அவள் ஒருத்திதான். டீச்சராக வேண்டும் என்று ஆசை. ஆசைப்பட்டால் ஆயிற்றா? எங்கள் ஊர் மதகடிப்பட்டுக்கும் வில்லியனூருக்கும் நடுவில் இருக்கிறது. தினமும் டவுனுக்குப் போய் வர வேண்டும். அவள் படிப்பு முழுக்க ஒரு பஸ்ஸின் படியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி, ரோட்டுச் சுங்கச் சாவடிகளையும் எடுத்த பிறகு, எங்கள் ரோட்டில் இரண்டு பஸ் ஓட ஆரம்பித்தது. ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். இரண்டு முதலாளி. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள்.

எங்களுக்கு அது நல்ல காலம்! பச்சை வண்டிக் கண்டக்டர் கோவிந்தன் கீழே இறங்கி வந்து என் கத்திரிக்காய்க் கூடையைத் தானே தூக்கி மேலே ஏற்றுவான். “குந்து ஆயா, முன்னாடி சீட்டு உனக்குத்தான் வெச்சிகினு வந்தேன்” என்பான். மறுநாள் மஞ்சள் வண்டி ஊருக்குள்ளேயே வந்து ஹாரன் அடிக்கும். ஒரு வாரம் பச்சையில் வெற்றிலை பாக்கு கொடுத்தால், அடுத்த வாரம் மஞ்சளில் வெற்றிலை பாக்கோடு புகையிலையும் சேர்த்து. என் கல்யாணத்தில்கூட என்னை யாரும் அப்படித் தாங்கவில்லை.

போட்டி நல்லதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆறு மாதம் நினைத்தேன்.

பிறகு வண்டிகள் ஆட்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒன்றையொன்று பார்க்க ஆரம்பித்தன. எவன் முந்துகிறானோ அவனுக்குத்தான் அடுத்த ஊர்க் கூட்டம். எங்கள் முனையில் நாலு பேர் நின்றால் அந்த நாலு பேருக்காக யார் நிறுத்துவது? பச்சை போகும், பின்னால் மஞ்சள் வருகிறது என்று கோவிந்தன் கை காட்டுவான். மஞ்சள் வரும், பச்சையைப் பிடிக்கிற வேகத்தில் அதுவும் போகும். நின்ற நாட்களில் ஏறினால் உள்ளே உட்கார்ந்து ஜெபமாலைதான் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் முந்தப் போன மஞ்சள் வண்டி வாய்க்காலில் இறங்கிவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை. தெரேசுக்கு நெற்றியில் மூன்று தையல்.

அருளப்பன் அன்றைக்கே சொல்லிவிட்டான்: “இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா பொண்ணு வூட்டோட கெடக்கட்டும்மா. படிப்பும் வாணாம், ஒண்ணும் வாணாம்.”

சொன்னதோடு நிற்கவும் இல்லை. பாகூர்ப் பக்கம் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் மூலம் சொல்லியும் அனுப்பினான்.

ஊர் கூடிப் பேசினோம். திட்டம், திட்டம் என்று ரேடியோவில் நாளெல்லாம் சொல்கிறார்களே... எந்த வண்டி எந்த நேரத்துக்கு எந்த ஊரில் நிற்க வேண்டும் என்று யாராவது உட்கார்ந்து ஒழுங்காகத் தீர்மானிக்கக் கூடாதா? பங்குச் சாமியாரிடம் மனு எழுதி வாங்கி, கைநாட்டு வைத்து அனுப்பினோம்.

சர்க்கார் காது கொடுத்துக் கேட்டது. வினை அங்கேதான் ஆரம்பம்.

ஒரு நாள் காலையில் சைக்கிளில் ஒரு ஆபீசர் வந்தார். சின்ன வயசு. முழுக்கால் சட்டை. கழுத்தெல்லாம் வேர்வை. கையில் நீளமாக ஒரு நோட்டு.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து பூமி அந்தக் காலத்தில் ஒரு வயல் பிரெஞ்சு, அடுத்த வயல் இந்தியா. கூடையோடு டவுனுக்குப் போனால் நடுவில் எத்தனை சாவடி, எத்தனை பேர்! இரும்புக் கம்பியால் கூடையைக் குத்திப் பார்ப்பான். “இன்னா எடுத்துகினு போற? எங்க போற? வாரத்துக்கு எத்தினி வாட்டி?” கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதுவான். எழுதிவிட்டால் தீர்ந்தது, அடுத்த நாள் அதை வைத்தே ஒரு தொல்லை. அதனால் எங்கள் ஊரில் குழந்தை பேச ஆரம்பித்ததுமே ஒரு பாடம் சொல்லிவிடுவோம் — கையில் நோட்டு வைத்திருக்கிறவன் எவன் வந்து எதைக் கேட்டாலும், ‘இல்லைங்க.’

சாவடி போய் ஆறேழு வருஷம் ஆகிவிட்டது. பாடம் போகவில்லை.

ஆபீசர் நேரே என்னிடம் வந்தார். என் பக்கத்தில் டவுனுக்குப் போக வேண்டிய கத்திரிக்காய்க் கூடை. நோட்டைப் பார்த்தேன். கை தானாகப் போய்க் கோணியை இழுத்துக் கூடை மேல் போட்டது.

“பாட்டி, உங்க ஊர்லேர்ந்து தினம் எத்தனை பேர் டவுனுக்குப் போவாங்க?”

“டவுனுக்கா? யாரும் போறதில்லைங்க.”

“சந்தைக்கு?”

“யாரும் எங்கேயும் போறதில்லைங்க. நாங்க உண்டு, எங்க வயலு உண்டு.”

அந்த நேரம் பார்த்தா தெரேசு வெளியே வர வேண்டும்? நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, தோளில் புத்தகப் பை.

“இந்தப் பொண்ணு எங்கே போகுது?”

“கோயிலுக்குங்க. ஞானோபதேசம் கத்துக்க.”

ஞானோபதேசத்துக்கு அத்தனை புத்தகமா? பாவம், அவர் கேட்கவில்லை. எழுதிக்கொண்டார்.

தெருவில் மூத்தவள் நான். நான் சொன்னதையே தெரு முழுக்கச் சொன்னது. பக்கத்து வீட்டுப் பாக்கியம் எனக்கும் ஒரு படி மேலே. “பஸ்ஸுங்களா? அது இன்னா கலருல இருக்கும்?” என்று அவரையே கேட்டாளாம்.

அவர் சைக்கிள் மறைந்ததும் சிரித்தோம். வயிறு வலிக்கச் சிரித்தோம். நாங்கள் போட்ட மனுவுக்காகத்தான் அந்த மனுஷர் வெயிலில் வந்திருக்கிறார் என்று ஒருத்தருக்காவது தோன்ற வேண்டுமே!

இரண்டு மாதத்தில் திட்டம் வந்தது. மஞ்சள் வண்டியை வேறு ரோட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பச்சை வண்டிக்கு மணி குறித்து, நிற்க வேண்டிய ஊர்களுக்கு ஒரு லிஸ்ட் கொடுத்தார்கள். ஒழுங்கென்றால் அப்படியொரு ஒழுங்கு. ரோட்டில் ஒரு கோழிகூட அடிபடவில்லை.

லிஸ்டில் எங்கள் ஊர் மட்டும் இல்லை.

முதல் நாள் காலை, நானும் தெரேசும் முனையில் நிற்கிறோம். பச்சை வண்டி வருகிறது. வேகம் குறையவில்லை. கோவிந்தன் படியில் தொங்கிக்கொண்டு கையை ஆட்டுகிறான்.

“நிறுத்துடா கோவிந்தா!”

“உங்க ஊரு லிஸ்ட்ல இல்ல ஆயா! நிறுத்தினா பெர்மிட்டு பூடும்!”

“ஏண்டா இல்ல?”

வண்டி தாண்டிவிட்டது. தூசிக்குள்ளிருந்து அவன் குரல் மட்டும் வந்தது. “யாரும் எங்கேயும் போறதில்லையாமே!”

தெரேசு என்னைத் திரும்பிப் பார்த்தாள். ‘நீதானே ஆயா சொன்ன’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேவலை.

வில்லியனூர் மூன்று மைல். அங்கே போய்ச் சேர்ந்தால் டவுனுக்கு வேறு வண்டிகள் உண்டு. ஆனால் அருளப்பன், “வயசுக்கு வந்த பொண்ணு தனியா நடக்க வாணாம், நிறுத்திடலாம். பாகூர்க்காரங்களும் கேட்டுகினே இருக்காங்க. தை பொறந்ததும் கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சிடலாம்” என்றான்.

“கூட நான் போறேன்டா.”

“எத்தினி நாளைக்கும்மா?”

“உசுரு இருக்கிற வரைக்கும்.”

வாய் பெருமை பேசிவிட்டது. முழங்காலுக்கு அது தெரியுமா? பன்னிரண்டாம் நாள் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. சாயங்காலம் வந்ததும் தெரேசு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். அந்தச் சூட்டைவிட அவள் பேசாமல் இருந்த சூடு அதிகம்.

சனிக்கிழமை பங்குச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்.

“பொய் சொன்னேன் சாமி.”

“எத்தனை முறை?”

“ரெண்டு. தெருவோட சேர்த்துன்னா... ஒரு நாப்பது இருக்கும்.”

“யாரிடம்?”

“ஆபீசருகிட்ட.”

தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் இருமினார். சிரிப்பை அடக்கினாரோ என்னவோ. பிறகு சொன்னார்: “அவர் எழுதினதை நான் அழிக்க முடியாதே அம்மா. அவரிடமே போய்ச் சொல். அதுதான் உனக்கு அபராதம்.”

“பத்து பரலோக மந்திரம் சொல்லிடறேனே சாமி... அம்பது வேணும்னாலும்...”

“ஆபீஸ்” என்றார்.

நான் போகப் போகிறேன் என்று தெரிந்ததும் பாக்கியம் ஓடி வந்தாள். “யக்கா, கத்திரிக்கானு சொன்னா கத்திரிக்காய்க்கு ஒரு வரி போடுவான். நீ பாட்டுக்குச் சொல்லிட்டு வந்துடுவ, எங்க தலையிலதான் வந்து விடியும்!” எனக்கும் பயம்தான். இருந்தாலும் வியாழக்கிழமை வில்லியனூர் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன்.

ஆபீசர் என்னைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

“யாரும் எங்கேயும் போறதில்லைன்னு சொன்ன பாட்டிதானே நீங்க? இன்னைக்கு எப்படி வந்தீங்க?”

“நடந்து வந்தேன், தம்பி.”

நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன் — கத்திரிக்காயை, கோணியை, ஞானோபதேசத்தை, பாகூர் மாப்பிள்ளையை. பேரன் வயசுப் பிள்ளைக்கு முன்னால் ‘நான் சொன்னது பொய்’ என்று சொல்வது இருக்கிறதே... அதைவிட மூன்று மைல் நடப்பது சுலபம்.

அவர் கோபப்படவில்லை. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“மனுவைப் பார்த்துட்டுத்தான் பாட்டி வந்தேன். வந்து கேட்டா வீட்டுக்கு வீடு ஒரே பதில். யாரோ விளையாட்டுக்கு மனு போட்டிருக்காங்கன்னு நினைச்சேன். எந்த ஊர்லயும் என் வேலை இவ்வளவு சீக்கிரம் முடிஞ்சதில்லைன்னு சந்தோஷமா வேற திரும்பினேன்.”

என் ஒருத்தி பேச்சை வைத்து மாற்ற முடியாதாம். அவர் கண்ணால் பார்க்க வேண்டுமாம். மறுநாள் விடிந்ததும் ரோட்டு முனைக்கு வருவதாகச் சொன்னார். பஸ் நிற்காவிட்டாலும், கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் அந்த வழியாகத்தானே வில்லியனூருக்கு நடந்து போகிறது!

சொன்னபடி வந்தார். நோட்டோடு.

எங்கள் சனமும் வந்தது. கூடையோடு. தூரத்தில் நோட்டைப் பார்த்தது. அவ்வளவுதான்! ஒருத்தி வந்த வழியே திரும்பினாள். ஒருத்தி கூடையை வேலி மறைவில் வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தாள். பாக்கியம் பனைமரத்துக்குப் பின்னால் கூடையை இறக்கிவிட்டு, “ப்பா... ப்பா... ஏ கருப்பீ...” என்று ஆட்டைக் கூப்பிட ஆரம்பித்தாள். அவளுக்கு ஆடே கிடையாது.

கொஞ்ச நேரத்தில் முனையில் மூன்றே பேர். ஆபீசர், நான், தெரேசு.

“யாரும் வரலையே பாட்டி?” என்றார். நோட்டை மூடப் போகிறவர் குரல் அது.

தெரேசு என் கையைப் பிடித்தாள். இந்த நோட்டில் இன்றைக்கு ஊர் ஏறாவிட்டால், தை மாதம் இவள் பெயர் கோயிலில் ஓலையில் ஏறும்.

என் கூடையை அவர் காலடியில் வைத்தேன். கோணியை உருவி எறிந்தேன்.

“கத்திரிக்காய். டவுனுக்குப் போவுது. வாரத்துக்கு நாலு நாளு. எழுதிக்கோ தம்பி. இது என் பேத்தி தெரேசா. பள்ளிக்கூட நாளு எல்லா நாளும் டவுனுக்குப் போவுது. அதையும் எழுதிக்கோ.”

பனைமரத்தைப் பார்த்துத் திரும்பினேன்.

“அடியே பாக்கியம்! இல்லாத ஆட்டைக் கூப்பிட்டது போதும், கூடையத் தூக்கிகினு வாடி! கம்பியால குத்தற ஆளு இல்லடி இவரு. அப்படியே குத்தினாலும் மொதல்ல என் கூடையக் குத்தட்டும்!”

முதலில் மரத்துக்குப் பின்னாலிருந்து கூடை தெரிந்தது. பிறகு பாக்கியம் வந்தாள். கூடையை இறக்கினாள். திருட்டுச் சாமான் கொண்டுவந்தவள் மாதிரி, “முருங்கைக்காய்ங்க...” என்றாள், காதுக்குள் சொல்வது போல.

அப்புறம் தயிர்ப் பானை வந்தது. கோரைப் பாய் வந்தது. பூ வந்தது. டவுனில் மேஸ்திரி வேலைக்குப் போகிற ஆம்பிளைகள் வந்தார்கள். வானத்தைப் பார்த்தவளும் வந்தாள். “மெதுவா... ஒவ்வொருத்தரா...” என்று ஆபீசர் கெஞ்சினார். பக்கம் நிறைந்து மறுபக்கம் திருப்பினார்.

போகும்போது மட்டும், “எழுதிட்டேன் பாட்டி. மேலே சொல்லணும். வார்த்தை கொடுக்க முடியாது” என்றார்.

வார்த்தை கொடுக்க அருளப்பன் தயாராக இருந்தான் — பாகூர்க்காரர்களுக்கு. வியாழக்கிழமை அவர்கள் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. சனி போனது. ஞாயிறு பூசையில் என்ன பிரசங்கம் என்று கேட்காதீர்கள். திங்கள் வண்டி நிற்கவில்லை. செவ்வாயும் நிற்கவில்லை.

புதன்கிழமைதான் நான் முதலில் சொன்னது.

தெரேசும் நானும் மைல்கல் பக்கத்தில். அருளப்பனும் வந்திருந்தான், ‘பாரும்மா, நிக்கல’ என்று சொல்வதற்காகவே. பச்சை வண்டி வந்தது. வேகமாகத்தான் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். விசில் சத்தம்... பிரேக் சத்தம்... கண்ணைத் திறந்தால் கோவிந்தன் எதிரில் நிற்கிறான், வாயெல்லாம் பல்.

“ஏறு ஆயா! நீங்கள்லாம் எங்கேயோ போறீங்களாமே!”

எங்கே ஏறுவது? நான்தான் மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டேனே! தெரேசு ஏறினாள். முன்னாடி சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். அத்தனை நாளைக்கும் சேர்த்து ஒரு சிரிப்பு. அருளப்பன் என் கூடையைத் தூக்கி, பாக்கியத்தின் கூடையோடு சேர்த்து வண்டி மேலே ஏற்றினான். சாயங்காலம் பாகூருக்கு ஆள் போனது — வர வேண்டாம் என்று சொல்ல.

வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் நான் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்திருந்தேன். மூச்சு அப்போதுதான் ஒழுங்காக வந்தது.

திட்டமா, போட்டியா, எது நல்லது என்று டவுன் காபி கிளப்புகளில் மேசையைக் குத்திப் பேசுகிறார்களாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். போட்டி போட்டுக்கொண்டு ஓடிய கோவிந்தனுக்கு நான் எந்தெந்த நாள் டவுனுக்குப் போவேன் என்று கேட்காமலே தெரியும். ஆனால் ஓடுகிற வேகத்தில் ஒரு பிள்ளையின் நெற்றி இரண்டு வண்டிக்கும் தெரியவில்லை. திட்டம் போட்ட தம்பிக்கு நெற்றியின் மேல் அக்கறை இருந்தது. ஆனால் நான் எங்கே போகிறேன் என்று தெரியாது. எப்படித் தெரியும்? கோணி போட்டு மூடியவள் நான்தானே!

நேற்று இன்னொரு சேதி. மஞ்சள் வண்டியும் எங்கள் ரோட்டுக்குத் திரும்பி வருகிறது, பச்சைக்கு அரை மணி பின்னால். முந்த முடியாது, ஆபீசர் மணி குறித்துவிட்டார். கோவிந்தன் நேற்று சாயங்காலமே வெற்றிலை பாக்கோடு வந்தான். எனக்கு இது பிடித்திருக்கிறது. மணியை ஆபீசர் பார்த்துக்கொள்ளட்டும். மரியாதையில் இந்த இரண்டு பேரும் போட்டி போடட்டும்.

நாங்களும் திருந்திவிட்டோம். முந்தாநாள் கோழி எண்ண ஒருத்தர் நோட்டோடு வந்தார். பாக்கியம் வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். எச்சில் விழுங்கினாள். “ஏழுங்க” என்றாள்.

அவளிடம் பதினொன்று இருக்கிறது. போகட்டும். ஒரேயடியாகத் திருந்தினால் உடம்புக்கு ஆகாது.

தெரேசு, போதும், பேனாவை மூடு. மொதல்லேர்ந்து ஒரு வாட்டி படிச்சிக் காட்டு. ஞானோபதேசம் வர்ற எடத்த முழுங்கிடாத, சத்தமாப் படி. வண்டி வர இன்னும் கால் மணி இருக்குது.